எச்சரிக்கை விளக்கும் டயர்க் காற்றும்



ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் கேட்கும் ஓசைகளில் பள்ளி வேனின் ஓசையும் ஒன்று. பால்வெட்டுக்குப் போகிறவர்களும் செம்பனைக் குலை அறுக்கப் போகிறவர்களும் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்ட பிறகே நிம்மதியாக வேலையைப் பார்க்கிறார்கள். அந்த வேனின் முன்பலகையில் சில சமயம் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். குதிரை லாடம் போன்ற வடிவம். அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. ஓட்டுநரைக் கேட்டால், "அது சென்சார் கோளாறு, ஒன்றுமில்லை" என்பார். பல நேரங்களில் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். சரியில்லாத அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

டயரில் காற்றுக் குறைந்தால் என்ன ஆகிறது? வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சூடாவதை நாம் கண்டிருக்கிறோம். டயரும் அப்படியே சூடேறுகிறது. சூடு மிகுந்தால் உள்ளிருக்கும் கம்பி அடுக்குகளும் ரப்பரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போதுதான் டயர் வெடிக்கும். லாரி டயர்களில் இன்றும் இயற்கை ரப்பரை மிகுதியாகச் சேர்ப்பதற்கு ஒரு காரணம், மடங்கி நிமிரும்போது அது குறைவாகச் சூடாவதுதான். பால்மரத்தோடு வாழ்ந்த குடும்பங்கள் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காற்றில்லாத டயரை எந்த மரத்துப் பாலும் காப்பாற்றாது.

காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி 1980களிலேயே போர்ஷே 959 என்னும் விலையுயர்ந்த காரில் வந்துவிட்டது. சாதாரண வண்டிகளுக்கு அது வந்த கதை சோகமானது. அமெரிக்காவில் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை உரிந்து, வண்டிகள் குடைசாய்ந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பல மில்லியன் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரைச் செய்தவர்கள் வண்டியைக் குறை கூற, வண்டியைச் செய்தவர்கள் டயரைக் குறை கூறினார்கள். அந்த ஆண்டே அங்கு ஒரு சட்டம் பிறந்தது. அதன் பயனாக 2007 முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்கள், சிறு வேன்கள் அனைத்திலும் இந்த எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் 2014 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும், 2024 முதல் புதிய வேன், லாரி, பேருந்துகளுக்கும் கட்டாயம்.

கருவி இரண்டு வகைப்படும். முதல் வகையில் ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் ஒரு சிறு சென்சார் இருக்கும். அது காற்றழுத்தத்தை அளந்து வானொலி அலை மூலம் வண்டிக்குச் சொல்லும். நாங்கள் பேசுவது உங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கு வந்து சேர்வது போலத்தான். அதனுள் இருக்கும் பேட்டரி ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும். பிறகு பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும். இரண்டாவது வகையில் சக்கரத்துக்குள் ஒன்றுமில்லை. காற்றுக் குறைந்த சக்கரம் சற்றே சிறியதாகி, மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். பிரேக் கருவியில் ஏற்கெனவே இருக்கும் வேகமானியைக் கொண்டு வண்டி அதைக் கண்டுகொள்ளும்.

இந்த இரண்டாம் வகையில் ஓர் ஆபத்து உண்டு. காற்றடித்த பின் ஒரு பொத்தானை அழுத்தி, "இதுதான் சரியான அளவு" என்று வண்டிக்குக் கற்றுத்தர வேண்டும். விளக்கு எரிவது தொல்லையாக இருக்கிறதென்று, காற்றே அடிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது வண்டி குறைந்த காற்றையே சரியான அளவென்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். விளக்கின் மேல் கறுப்பு நாடா ஒட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

விளக்கு எரியும் விதத்தைக் கவனியுங்கள். வண்டியைக் கிளப்பியதும் ஏறத்தாழ ஒரு நிமிடம் மினுக்கி, பிறகு நிலையாக எரிந்தால் கருவியில் கோளாறு. மினுக்காமல் எரிந்தால் காற்றுக் குறைவு. பெரும்பாலான வண்டிகளில் இப்படித்தான். எப்படி எரிந்தாலும் முதல் வேலை ஒன்றே: கையால் அளக்கும் அளவுமானியை எடுத்து நான்கு டயர்களையும் அளப்பது. காலால் உதைத்துப் பார்ப்பதும், கட்டையால் தட்டிக் கேட்பதும் அளப்பது ஆகாது. நாற்பது பவுண்டுக்கும் முப்பது பவுண்டுக்கும் உள்ள வேறுபாடு காலுக்குத் தெரியாது.

சரியான அளவு எவ்வளவு என்பது ஓட்டுநரின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும். பிள்ளைகள் நிறைந்த வேனின் பின்சக்கரத்துக்கு முன்சக்கரத்தைவிட அதிகம் வேண்டியிருக்கலாம். சில பெட்ரோல் நிலையங்களில் அளவு கிலோபாஸ்கலில் காட்டும். ஏறக்குறைய ஏழு கிலோபாஸ்கல் ஒரு பவுண்டு. காலையில் வண்டி புறப்படுமுன் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் நாலைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைவாக நிற்கும்.

அளந்து பார்த்துக் காற்றுச் சரியாக இருந்தால், அப்போதுதான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி தீர்ந்திருக்கலாம். டயர் மாற்றும்போது இரும்புப் பட்டை பட்டுச் சென்சார் உடைந்திருக்கலாம். புதிதாகப் போட்ட சென்சாரின் அலைவரிசை வேறாக இருந்தால் வண்டியின் காதில் அது விழவே விழாது.

பல வேன்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கையான சிக்கலும் வரும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண் உண்டு. ஒரு வேனின் சக்கரத்தை அவசரத்துக்கு இன்னொரு வேனில் மாட்டிவிட்டு, அந்த எண்ணை வண்டிக்குக் கற்றுத்தராமல் விட்டால், முதல் வேன் தன் பழைய சக்கரத்தைத் தேடிக்கொண்டிருக்கும். இரண்டு வேன்களும் அருகருகே இருக்கும்போது பக்கத்து வேனில் உள்ள சக்கரத்தின் குரலையே தன்னுடையதாக எண்ணிவிடவும் கூடும். தனித்தனியே பிரிந்து சென்ற சற்று நேரத்தில் விளக்கு எரியும். பட்டறைக்குக் கொண்டுவந்து மற்ற வேனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அணைந்துவிடும்! இப்படிப்பட்ட வேனை வைத்துக்கொண்டு மாதக்கணக்காகத் தலையைச் சொறிய நேரிடும். எந்தச் சக்கரம் எந்த வேனில், எப்போது மாற்றியது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். ஒரே ஆண்டில் வாங்கிய வேன்களின் சென்சார்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஓய்ந்துபோவதும் அதே புத்தகத்தில் தெரியவரும்.

பழைய வேன்களில் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்களை வாங்கி மாட்டுகிறார்கள். விலை குறைவு, எளிதில் மாட்டலாம். இல்லாததற்கு இது மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் சரியாகத் திருகாவிட்டால் அந்தச் சென்சார் வழியாகவே காற்றுக் கசியும். அதன் பாரத்தால் பழைய ரப்பர் வால்வு வெடித்துப்போகவும் கூடும். மாட்டிய பின் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

விளக்கு எரியாத நாளிலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, காற்று கால் பங்கு குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். அதற்கு முன்பே எரிய வேண்டுமென்ற கட்டாயமில்லை. அதாவது நாற்பது பவுண்டு வேண்டிய டயர் முப்பத்திரண்டில் ஓடிக்கொண்டிருந்தாலும் விளக்கு பேசாமல் இருக்கலாம். ஓட்டையே இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு தானாகவே குறையும். ஆகவே பெற்றோர்கள் வேன்காரரிடம், "விளக்கு எரிகிறதா?" என்று கேட்பதைவிட, "கடைசியாக எப்போது அளந்தீர்கள்?" என்று கேட்பதே பயன் தரும். அப்படியே மாற்றுச் சக்கரத்தையும் அளந்தாரா என்று கேளுங்கள். பல வண்டிகளில் அதற்குச் சென்சார் கிடையாது.