தேவன் அணிந்த கவசம்

எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 6ஆம் அதிகாரத்திலே ஒரு போர்வீரன் நம்முன் வந்து நிற்கிறான். அரையிலே கச்சை, மார்பிலே கவசம், காலிலே பாதரட்சை, தலையிலே சீரா, ஒரு கையில் கேடகம், மறு கையில் பட்டயம். இவை யாவற்றையும் 'சர்வாயுதவர்க்கம்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது தமிழ் வேதாகமம்.

இதனை எழுதுகையில் பவுல் விலங்கிடப்பட்டிருந்தார் என நிருபமே கூறுகிறது. ஆகவே, தமக்குக் காவலிருந்த உரோமச் சேவகனைப் பார்த்தே இவ்வுவமையை அமைத்தார் என்பர் பலர். இருக்கலாம். ஆனால் உவமையின் வேர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய ஏசாயாவின் ஆகமத்திலே இருக்கிறது.

அதன் 59ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நீதி எட்டத்தில் ஒதுங்கி நிற்கிறது. உண்மை தெருவிலே இடறி விழுகிறது. பரிந்து பேச ஒருவருமில்லை. அந்த நிலையைக் கண்ட தேவன், நீதியைக் கவசமாகவும் இரட்சிப்பைச் சீராவாகவும் தாமே அணிந்து எழுகிறார். பவுல் விசுவாசிகளுக்கு அளிப்பது அக்கவசமேயன்றி வேறன்று. அதை அணிந்தவன் அத்தெருவைக் காணாதவன்போல் நடக்க இயலுமோ?

கேடகத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். கிரேக்க மூலத்தில் அதற்குரிய சொல் 'கதவு' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. உரோமரின் கேடகம் 4 அடி உயரமும் 2½ அடி அகலமும் உடையது, பலகைகளை ஒட்டித் தோல் போர்த்தது எனச் சரித்திராசிரியர் பொலிபியஸ் குறிக்கிறார். வீரர் நெருங்கி நின்று கேடகங்களை இணைத்துப் பிடித்தால் அது ஆமையோடு போலாகும். அவ்வணிவகுப்புக்கு ஆமை என்றே பெயர். நிருபத்திலும் 'தரித்துக்கொள்ளுங்கள்', 'நில்லுங்கள்' எனக் கட்டளைகள் யாவும் பன்மையிலேயே வருகின்றன.

முதுகுக்குக் கவசம் சொல்லப்படவில்லை, ஆகையால் புறமுதுகு காட்டலாகாது என்று பிரசங்கிகள் கூறுவதுண்டு. கேட்க இனிமைதான், ஆயினும் உரோம வீரனின் கவசம் முதுகையும் மூடியிருந்தது!

போராட்டம் மனிதரோடன்று என்று நிருபம் திட்டமாய்ச் சொல்லியும், 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்டு என்னும் துறவி, சிலுவைப் போரில் ஈடுபட்ட தெம்பிளார் வீரரைப் புகழ்கையில், உடலுக்கு இரும்பும் ஆத்துமாவுக்கு விசுவாசமுமாக இரு கவசங்களையும் ஒருங்கே பூட்டிவிட்டார். உவமைப் பட்டயம் மெய்ப் பட்டயமாயிற்று. பவுல் காட்டிய வீரனின் பாதங்களை அவர் நோக்கவில்லை போலும். அப்பாதங்களுக்கு உரியது சமாதானத்தின் சுவிசேஷம். ஏசாயாவின் 52ஆம் அதிகாரத்தில் நற்செய்தியுடன் மலைகளின்மேல் வரும் தூதனின் பாதங்கள் அவை.