தாளம் தவறும் இருதயம்

"இருதயம் பலவீனமடைந்துவிட்டது" என்று வைத்தியர் சொல்லக் கேட்டதும், அது இப்போதே நின்றுவிடப் போகின்றதென எண்ணி வீட்டிலுள்ளோர் கலங்குகின்றனர். உண்மையில் இருதய வலுவிழப்பு என்பது இருதயம் நின்றுபோவதன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்து அனுப்ப அதனால் இயலாமற் போகும் நிலையே அது. சிறிது தூரம் நடந்தாலும் மூச்சு வாங்கும், பாதங்கள் வீங்கும், தலையணையை உயர்த்தி வைத்தாலன்றி இரவில் உறக்கம் வராது. மாரடைப்பு, நெடுநாள் இரத்த அழுத்தம், நீரிழிவு, வால்வுக் கோளாறு, பரம்பரையாக வரும் தசைநோய் முதலிய பலவும் இதற்குக் காரணமாகலாம்.

இந்நோயாளரில் ஒரு பெரும் பகுதியினர் படிப்படியாகத் தளர்ந்து இறப்பதில்லை. நேற்றுவரை நடமாடியவர் இன்று திடீரென மறைகிறார். துடிப்பின் தாளம் தவறுவதே இத்தகைய மரணங்களிற் பலவற்றுக்குக் காரணம். தசை தளர்வதற்கும் தாளம் தவறுவதற்கும் என்ன தொடர்பு? இக்கேள்விக்குரிய விடையின் முக்கியமான ஒரு பகுதி, நம் கலங்களுக்குள் இருக்கும் பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டில் அடங்கியுள்ளது.

ஒருமித்து இழுக்கும் கைகள்

கிண்ணியாவிலும் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரைகளிலும் வாழ்வோருக்குக் கரைவலை புதிதன்று. இரு கயிறுகளிலும் வரிசையாக நிற்போர், ஒருவர் பாட்டெடுத்துக் கொடுக்க ஏனையோர் சேர்ந்து பாடி, ஒரே வேளையில் இழுத்தால்தான் வலை கரைசேரும். ஆளுக்கொரு வேளையில் இழுத்தால், எத்துணை வலியவராயினும் வலை அசையாது.

இருதயமும் இவ்வாறே இயங்குகின்றது. அதன் வலப்புற மேலறையிலுள்ள சிறு கணுவொன்றே பாட்டெடுத்துக் கொடுப்பது. கீத், பிளாக் என்னும் இரு பிரித்தானியர் 1907ஆம் ஆண்டில் இதனை விவரித்தனர். மேலறைகளின் குறிப்பைக் கீழறைகளுக்குக் கடத்தும் மற்றொரு கணுவை, அதற்கு முந்திய ஆண்டில் யப்பானியரான தவாரா விளக்கியிருந்தார். ஓய்வாயிருக்கும் வளர்ந்தோரில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையும், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவையும் இக்குறிப்பு எழுகின்றது.

இக்குறிப்பு மின்சாரமாகக் கலத்திலிருந்து கலத்துக்குப் பரவுகின்றது. கலத்தின் மென்சவ்விலுள்ள நுண்ணிய வாயில்களினூடாகச் சோடியமும் கல்சியமும் உட்புகக் கலம் கிளர்ந்து சுருங்கும். பொற்றாசியம் வெளியேற அது மீண்டும் அமைதியடையும். இவ்வாயில்கள் யாவும் புரதங்களால் ஆனவை. புரதங்களைச் செய்யும் முறையை எழுதி வைத்திருக்கும் ஏடே பரம்பரையலகு.

மூடிய ஏடுகள் திறக்கும்போது

மனிதக் கலத்தில் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 உள. கண்ணிலும் ஈரலிலும் இருதயத்திலும் இருப்பவை ஒரே தொகுதியே. ஆயினும் ஒவ்வோரிடத்திலும் வேண்டிய ஏடுகள் மட்டுமே விரித்துப் படிக்கப்படுகின்றன. மற்றவை மூடிக் கிடக்கின்றன. எந்த ஏடு எவ்வளவு படிக்கப்படுகின்றது என்பதையே பரம்பரையலகின் தொழிற்பாடு என்கிறோம்.

பாரம் மிகுந்து தளரும் இருதயம், தாய் வயிற்றிலிருந்த காலத்தில் படித்து மூடிய ஏடுகளிற் சிலவற்றை மீண்டும் விரிக்கின்றது. அவற்றுள் ஒன்று பீ.என்.பீ. என்னும் பொருளுக்குரியது. இதனை 1988ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானிகள் முதலிற் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். மிகுதியாகச் சுரப்பது இருதயமே என்பது பின்னர் தெரியவந்தது. உப்பையும் நீரையும் வெளியேற்றி இருதயத்தின் சுமையைக் குறைக்க இது உதவுகின்றது. ஒருவரின் மூச்சுத்திணறலுக்கு இருதயம் காரணமா என்று அறிய, இரத்தத்தில் இதன் அளவைப் பார்க்கும் பரிசோதனை இன்று வைத்தியர்களுக்குத் துணைபுரிகின்றது.

ஆனால், எல்லா மாற்றங்களும் இவ்வாறு நன்மை பயப்பனவல்ல. மூன்று மாற்றங்கள் தாளத்துக்குப் பகையாகின்றன. முதலாவதாக, பொற்றாசிய வாயில்களுக்குரிய சில ஏடுகள் குறைவாகப் படிக்கப்படுவதால், கிளர்ந்த கலம் அமைதியடைய நெடுநேரமாகின்றது. இரண்டாவதாக, கலத்தினுள் கல்சியத்தை அள்ளிச் சேமிக்கும் சேர்க்கா என்னும் புரதம் குறைகின்றது. உரிய இடத்திற் சேராத கல்சியம் வேளையல்லாத வேளையில் ஒரு துடிப்பை எழுப்பிவிடலாம். மூன்றாவதாக, அயற்கலங்களை இணைக்கும் கொனெக்சின் 43 என்னும் புரதம் குறைந்து இடமும் மாறுகின்றது. தசைக்கிடையே தழும்பும் படர்கின்றது. நேர்வழி அடைபட்ட குறிப்பு சுற்றுவழி தேடி, வந்த இடத்துக்கே திரும்பி வட்டமிடத் தொடங்கும்.

இம்மூன்றும் கூடினால் விபரீதம். கீழறைகளின் கலங்கள் ஆளுக்கொரு வேளையில் இழுப்பவர்போல் தனித்தனியே துடிக்கும், இரத்தம் வெளியேறாது, சில நிமிடங்களில் உயிர் பிரியும். மேலறைகள் இவ்வாறு துடித்தால் உடனே உயிருக்கு ஆபத்தில்லையெனினும், அங்கே உறையும் இரத்தம் மூளைக்குச் சென்று பக்கவாதத்தை விளைவிக்கக்கூடும்.

நம்மவரிடையே ஓர் எழுத்துப்பிழை

ஏடு படிக்கப்படும் அளவு மாறுவது ஒன்று. ஏட்டிலேயே பிழை இருப்பது மற்றொன்று. பின்னதற்குரிய ஒரு சான்று நம்மவரைப் பற்றியதாதலின் அறியத்தக்கது. இருதயத் தசையின் சுருக்கத்தைச் சீராக்கும் புரதமொன்றின் பரம்பரையலகில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை, 2009ஆம் ஆண்டில் "நேச்சர் ஜெனற்றிக்ஸ்" என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியான கட்டுரையொன்று எடுத்துக்காட்டியது. தண்டபாணி, தங்கராஜ் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் எழுதியது அது. இந்தியாவின் 107 சமூகங்களைச் சேர்ந்த 6,273 பேரை ஆராய்ந்ததில், நூற்றுக்கு நால்வரளவில் இம்மாற்றம் காணப்பட்டது. இலங்கை, பாகிஸ்தான், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் இது காணப்படுகின்றது. இருதயத் தசைநோய்க்கும் வலுவிழப்புக்கும் இதனுடன் தொடர்புண்டு என அவர்கள் கண்டனர்.

எனினும், நூற்றுக்கு நால்வரும் நோயாளர் என்று கொள்ளலாகாது. அதே பரம்பரையலகில் அதனோடு சேர்ந்து சிலரிடம் மட்டும் காணப்படும் வேறு மாற்றங்களே நோயுடன் நெருங்கிய தொடர்புடையன என்று 2018, 2020ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. இப்பிழையைச் சுமந்தும் பலர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றனர். ஆதலின், பரம்பரையலகைத் தலையெழுத்தாகக் கருதுவது பொருந்தாது.

மருந்து ஏட்டையும் மாற்றும்

தளர்ந்த இருதயத்தின் வேகத்தை அடக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளை, வலுவிழப்பு நோயாளருக்கு ஆகாதவையென ஒருகாலத்தில் வைத்தியர்கள் விலக்கி வைத்திருந்தனர். 1975ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த வாக்ஸ்டைனும் அவர்தம் தோழர்களும் சில நோயாளருக்குத் துணிந்து கொடுத்துப் பயன் கண்டனர். 1999ஆம் ஆண்டில் வெளியான, 3,991 நோயாளர் பங்குகொண்ட பெரும் ஆய்வில், இவ்வகை மருந்தொன்று திடீர் மரணத்தை நூற்றுக்கு 41 பங்கு குறைத்தது. அதன் காரணத்தை 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு ஓரளவு விளக்கியது. 53 நோயாளரின் இருதயத் தசையிற் சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தபோது, சிகிச்சையால் தேறியவர்களிடம் சேர்க்காப் புரதத்துக்குரிய ஏடு முன்னிலும் அதிகமாகப் படிக்கப்படத் தொடங்கியிருந்தது. மருந்து வேகத்தைக் குறைத்ததோடு நில்லாமல், பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டையும் நன்னிலைக்குத் திருப்பியது!

ஆபத்து மிகுந்தோருக்கு, தாளம் தவறும் வேளையில் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவியை மார்பினுட் பொருத்துவதும் உண்டு. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இது முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

வீட்டார் செய்யத்தக்கவை

"உடம்பு தேறிவிட்டதே, இனி எதற்கு மருந்து?" என்று நோயாளர் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதுண்டு. தேறுதலைக் காத்து நிற்பதே அம்மாத்திரையாக இருக்கலாம். வைத்தியரைக் கேளாமல் நிறுத்துதல் பெருந்தீங்கு. வீட்டில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, ஓடியாடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் ஈ.சீ.ஜி. பரிசோதனையும் இருதய ஒலியலைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. அச்சத்தாலோ வெட்கத்தாலோ குடும்பத்தின் நோய்க்கதையை மறைப்பது இளையோருக்குச் செய்யும் அநீதியாகும்.

முன்னாளில் கிண்ணியா மக்கள் திருகோணமலை செல்லப் "பாதை" என்னும் மிதவைக்குக் காத்து நின்றனர். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் பாலம் திறக்கப்பட்டபின் அக்காத்திருப்பு நீங்கியது. ஆயினும் படபடப்பும் மயக்கமும் மூச்சுத்திணறலும் கண்டும் "நாளை பார்ப்போம்" என்று நாமே காத்திருப்போமாயின், பாலத்தால் என்ன பயன்? முன்னோர் தந்த ஏட்டை நாம் தேர்ந்தெடுக்கவில்லை; ஆனால் அதனைத் தக்க வேளையில் வைத்தியரிடம் காட்டுவது நம் கையிலேயே இருக்கின்றது.