உடல் பகையை இனங்காணும் விதம்

நம் உடலினுள் நாள்தோறும் எத்தனையோ அயற்பொருள்கள் புகுகின்றன. அவற்றுள் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறியும் ஆற்றல் உடலுக்கு உண்டு. தட்டம்மை ஒருமுறை கண்டவர்க்கு அது மீண்டும் வருவது அரிது. ஆயினும் அதனால் காசநோய் தடைபடுவதில்லை. இதன் காரணத்தை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

இரத்தத்திலும் நெறிகட்டும் இடங்களிலும் நிணவணுக்கள் என்னும் வெள்ளணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நிணவணுவின் மேலும் ஒரே வடிவமுள்ள பற்றுக்கொடுக்குகள் அமைந்திருக்கும். பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல, அவ்வடிவத்துக்கு ஏற்ற பொருள் வந்து பொருந்தினால்தான் அந்த அணு விழித்தெழும். சில நிற நூல்களை மாற்றி மாற்றிக் கோத்து எண்ணற்ற கட்டங்களை நாம் நெய்கிறோம் அல்லவா? உடலும் சில மரபணுத் துண்டுகளை மாற்றி இணைத்துக் கோடிக்கணக்கான வடிவங்களை ஆக்கிக்கொள்கிறது. இதனை மெய்ப்பித்த ஜப்பானிய அறிஞர் சுசுமு டொனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றார்.

பொருத்தம் கண்ட அணு சில நாட்களில் பல்கிப் பெருகும். பகை ஒழிந்தபின் அவற்றுள் சில, நினைவணுக்களாக எஞ்சி நிற்கும். அதே கிருமி மறுமுறை வந்தால் விரைந்து எழும். தடுப்பூசியின் தத்துவமும் இதுவே. நோய் விளைக்காத வடிவில் பகையின் அடையாளத்தை உடலுக்கு முன்னதாகவே காட்டிவிடுகிறோம்.

இந்நினைவை நாம் கண்ணால் காணவும் கூடும். காசக் கிருமியின் புரதமாகிய டியூபர்குலினை முன்கைத் தோலில் சிறிதளவு செலுத்தினால், அக்கிருமியை முன்பே அறிந்த உடலில் இரண்டு மூன்று நாட்களில் அவ்விடம் தடித்துவிடும்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவை முன்னாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறியப் பெரியதோர் ஆராய்ச்சி தொடங்கியது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்குகொண்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தும் அம்முடிவு மாறவில்லை.

ஏன் இவ்வாறு ஆயிற்று? அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது. இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் காசக் கிருமிக்கு உறவான, பெரும்பாலும் தீங்கற்ற கிருமிகள் வாழ்கின்றன. அடையாளம் ஒத்திருத்தலால் அவற்றுடன் பழகிய உடல், தடுப்பூசியால் புதிதாகக் கற்க வேண்டியது சொற்பமே என்பர்.

இதனால் ஊசி வீண் என்று எவரும் எண்ணலாகாது. குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசத்தினின்று பி.சி.ஜி. நன்கு காக்கிறது, ஆகவே குழந்தை பிறந்தவுடன் அதனைப் போடுதல் வேண்டும். ஆனால், சிறுவயதில் ஊசி போட்டாயிற்று என்று பெரியவர்கள் இருமலைப் பொருட்படுத்தாமல் விடுவது தவறு. இரண்டு வாரம் இருமல் நீடித்தால், பஞ்சுத் தூசியால் வந்தது என்றோ வயற்காற்றால் வந்தது என்றோ தாமே முடிவு கட்டாமல், அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனையும் மருந்தும் அங்கு இலவசம். நோய் உறுதிப்பட்டால், மருத்துவர் குறித்த காலம் முழுதும் மருந்தை இடைவிடாது உண்பதே தமக்கும் குடும்பத்துக்கும் உடனுழைப்பவர்க்கும் செய்யும் கடமையாகும்.