செவிவழி வந்த ஐயம்

அச்சு நூலைக் கையிலெடுத்துப் படிக்க இயலாதவர்க்கு ஏற்பட்ட மாற்றுவழியே ஒலிநூல் என்றும், துப்பறியும் கதையோ இலக்கியத்தின் புறக்கடையில் நிற்பது என்றும் கருதுவோர் நம்மிடையே இன்றும் உளர். முதற்கருத்தில் வரலாற்று உண்மை ஓரளவு உண்டு. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களையும் ஏனைய பார்வையற்றோரையும் மனத்திற்கொண்டே இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு 'பேசும் நூல்' பணி தொடங்கப்பெற்றது. அக்காலத்துச் சாதாரண இசைத்தட்டு ஒரு பக்கத்திற்குச் சில நிமிடங்களே ஓடும். நூலுக்கெனச் செய்யப்பட்ட தட்டோ மெல்லச் சுழன்று, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடங்கள் பேசியது. அவ்வாறாயினும் ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுகள் வரை தேவைப்பட்டன.

முதன்முதலில் பதிவான நூல்களுள் ஒன்று ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்'. மற்றொன்று அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. பின்னது 1926இல் வெளிவந்த கொலைக்கதை. கதையைக் கூறும் மருத்துவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதே அதன் திறவுகோல். (அதனை இன்னும் அறியாதார் நலன் கருதி இவ்வளவில் நிறுத்துகிறேன்.) ஆகவே, சொல்பவனை நம்பலாமா என்னும் வினா ஒலிநூலுடன் பிறந்தே வந்தது எனலாம்.

அவ்வினாவை விடையின்றியே விட்டுச்செல்லும் நாவல், டாப்னி டு மாரியர் 1951இல் வெளியிட்ட 'மை கசின் ரேச்சல்'. முடிவைக் கூறாமல் இதனை விளக்க இயலாது. கூறுவதால் கெடுவதற்கும் ஒன்றுமில்லை. ஏனெனில், முடிவு தெரிந்த பின்னரும் கொலை நடந்ததா என்பது தெரிவதில்லை.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பெரும் பண்ணைக்கு உரியவர் ஆம்புரோஸ். பெற்றோரை இழந்த பிலிப்பை வளர்த்து ஆளாக்கியவர் அவரே. உடல்நலம் வேண்டி இத்தாலி சென்றவர், அங்கே ரேச்சல் என்னும் கைம்பெண்ணை மணக்கிறார். முதலில் மகிழ்ச்சியுடன் வந்த கடிதங்கள் வரவர மனைவியின்மீது ஐயம் கொண்டவையாக மாறுகின்றன. பிலிப் புளோரன்ஸ் நகரை அடையும்போது ஆம்புரோஸ் உயிருடன் இல்லை. மூளையில் கட்டி என்பது மருத்துவர் கூற்று. நஞ்சா, அன்றி நோய் முற்றியதால் அறிவு திரிந்து எழுதிய கடிதங்களா? இவ்வையத்தோடு, பழி தீர்க்கும் எண்ணத்துடனே ரேச்சலை வரவேற்கும் பிலிப், அவள்மீதே காதல் கொள்கிறான். தன் இருபத்தைந்தாம் பிறந்தநாளில் சொத்து முழுவதையும் அவளுக்கு எழுதிக் கொடுக்கிறான். பின்னர் அவனும் நோயுறுகிறான். அவள் காய்ச்சித் தரும் மூலிகைக் கஷாயத்தின்மீது ஐயம் விழுகிறது. அவளது மேசையறையில் லபர்னம் விதைகள் கிடைக்கின்றன. லபர்னம் நம் சரக்கொன்றை போலவே மஞ்சள் சரம் தொங்கும் மரம். அதன் விதை நஞ்சு. ஆனால், ரேச்சலோ தோட்டக்கலையில் தேர்ந்தவள். தோட்டம் வளர்ப்பவள் வீட்டில் விதை இருப்பதில் வியப்பென்ன?

இங்குதான் செவியின் பங்கு நுட்பமாகிறது. நாவல் முழுவதும் பிலிப்பின் தன்மைக் கூற்று. அச்சில் படிக்கும்போது மேற்கோள் குறிக்குள் வரும் ரேச்சலின் பேச்சு அவளுடையதாகவே கண்ணுக்குத் தோன்றும். ஒலிநூலில் ஒருவரே முழுவதையும் படிக்கிறார். பிலிப்பின் குரல் எதுவோ அதுவே ரேச்சலின் குரலும். அவள் கூறும் ஒவ்வொரு சொல்லும் அவனுடைய நாவின் வழியாகவே நம்மை அடைகிறது. அவள் இரங்கிப் பேசினாளா, நயவஞ்சகமாகப் பேசினாளா என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று, அவளைக் காதலித்து வெறுத்த ஒருவனின் நினைவு மட்டுமே. படிப்பவர் ஒரு சொல்லைச் சற்றே அழுத்தினாலும் தராசு ஒருபுறம் சாய்ந்துவிடும். இத்தகைய நூலைப் படிக்கும் கலைஞருக்கு நடிப்பைவிட அடக்கமே பெரிதும் தேவை.

மற்றொன்று, பக்கம் புரட்டும் வசதி. அச்சு நூலில் ஐயம் எழுந்தால் பத்துப் பக்கம் பின்சென்று, ஆம்புரோஸின் கடிதத்தில் என்ன இருந்தது என ஒப்பிட்டுக்கொள்ளலாம். கேட்பவருக்கும் பின்செல்லும் பொத்தான் உண்டு. எனினும் வண்டி ஓட்டிக்கொண்டோ, அடுப்படியில் நின்றுகொண்டோ கேட்பவர் அதை நாடுவது அரிது. அவர் தம் நினைவையே சான்றாகக் கொள்கிறார். பிலிப் செய்வதும் அதுவே. அவனது பிழையான கணிப்புகள் நாம் அறியாமலே நம்முடையவை ஆகிவிடுகின்றன.

இதன் விளைவு இறுதிப் பகுதியில் தெரிகிறது. தோட்டத்துப் பள்ளத்தின்மீது கட்டப்பட்டுவரும் பாலம் ஆள் எடையைத் தாங்காது என வேலைத் தலைவன் பிலிப்பிடம் முன்னரே எச்சரித்திருக்கிறான். ரேச்சல் உலாவப் புறப்படுகிறாள். பிலிப் அவளிடம் அதனைச் சொல்லவில்லை. அவள் வெளியே சென்ற நேரத்தில் அவளது அறையைத் துழாவுகிறான். குற்றம் நிறுவத்தக்க எதுவும் அகப்படவில்லை. அவன் ஓடிச் சென்று பார்க்கையில் அவள் பாலத்திலிருந்து விழுந்து கிடக்கிறாள். உயிர் பிரியும் முன் அவனை ஆம்புரோஸ் என்றே அழைக்கிறாள்.

ரேச்சல் நஞ்சிட்டாள் என்பதற்கு ஐயந்திரிபற்ற சான்று நாவலில் இல்லை. பிலிப் வாய்மூடி இருந்தான் என்பதற்கோ அவனது வாக்குமூலமே சான்று. பல மணி நேரம் அவன் குரலோடு உடனிருந்து, விதையைக் கண்டபோது அவனோடு சேர்ந்து தீர்ப்பும் எழுதிவிட்டவர்க்கு இவ்விடம் எளிதில் கடக்கக்கூடியதன்று. பெண்ணொருத்தியின் செலவு, சிரிப்பு, வீட்டிற்கு வரும் நண்பர், அவள் காய்ச்சும் கஷாயம் ஆகிய அனைத்தும் எவ்வளவு விரைவில் குற்றச்சான்றாக அடுக்கப்பட்டுவிட்டன என்பதை மாணவர்கள் இரண்டாம் முறை கேட்கும்போது குறித்துக்கொண்டே வரலாம்.

நாவலின் முதல் வாக்கியங்களே அதன் கடைசி வாக்கியங்களும் ஆகும்: முற்காலத்தில் நாற்சந்தியில் குற்றவாளிகளைத் தூக்கிலிட்ட வழக்கம் பற்றியவை. முதன்முறை கேட்கும்போது அது ஊர் வரலாறு போல் ஒலிக்கிறது. அதே குரலில், அதே சொற்களில் மறுபடியும் வரும்போது, பிலிப் அதனை யாரை எண்ணிக் கூறுகிறான் என்று கேட்கத் தோன்றுகிறது. அதற்குள் பதிவு முடிந்துவிடுகிறது.