குளிரில் எழும்ப மறுக்கும் டீசல் வண்டி

யூலண்டில் மார்கழி பிறந்தது முதல் பங்குனி கழியும் வரை எம்மவர் பலரது நாள் ஒரு கேள்வியுடனேயே தொடங்குகின்றது: இன்று வண்டி ஸ்ரார்ட் ஆகுமா? துப்புரவுப் பணிக்கும் பத்திரிகை விநியோகத்துக்கும் விடியுமுன் புறப்படுவோருக்கு அந்நேரத்தில் பேருந்து கிடையாது. இரண்டு நாள் தாமதித்துச் சென்றால் மூன்றாம் நாள் முதலாளியின் முகம் மாறிவிடும். கராஜுக்கு இழுத்துச் செல்வதென்றால் அங்குள்ள மணித்தியாலக் கூலி, துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் நாட்கூலியை எளிதில் விழுங்கிவிடும்.

புதியதொன்றை வாங்கலாமே என்பவர்கள் டெனிஷ் பதிவு வரியை அறியாதவர்கள். கார் விலையின் மேற்பகுதிக்கு 2015 வரை 180 வீதம் அறவிட்ட நாடு இது. பின்னர் வீதம் குறைக்கப்பட்ட போதிலும் சுமை இறங்கிவிடவில்லை. சரக்கு வாகனத்துக்கு வரி குறைவு. ஆகையால் மஞ்சள் இலக்கத் தகடு தாங்கிய பழைய ரொயோட்டா ஹைலக்ஸ், நிசான், இசுசு டீசல் பிக்கப்கள் சிறுதொழில் செய்வோரின் கைகளில் இன்னும் ஓடுகின்றன. அவை குளிரில் மக்கர் பண்ணும்போது, வீட்டு முற்றத்திலேயே எவ்வளவு தூரம் சரிசெய்யலாம் என்பதே இக்கட்டுரையின் விடயம்.

வாகனம் என்றதும் எமது நினைவு யாழ்ப்பாணத்துக்கே செல்கின்றது. 1990 இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகிய பின்னர், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40 உம் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தை மறந்தவர் எவருமிலர். கார்பிரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகமும் கையேடும் இன்றி அதனைச் செய்து காட்டிய எமது மெக்கானிக்குகளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுக்கவில்லை, கொடுத்திருக்கலாம்.

ஆனால் அந்தக் கைப்பழக்கமே இங்கு ஆபத்தாகின்றது. டீசல் வண்டி எழும்பாதபோது காற்றுக் குழாயில் பெற்றோலை விடுவோரும், கடையில் விற்கும் ஈதர் கலந்த 'ஸ்ராட்டர்' தெளிப்பியை அடிப்போரும் எம்மிடையே உள்ளனர். ஒஸ்ரின் காரில் தீப்பொறி பிளக் உண்டு, டீசலில் இல்லை. பழைய பிக்கப் இயந்திரங்கள் பல, உருளைக்குள் புகுந்த காற்றை ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்காக நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தால் காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேற, அதனுள் சீறிவரும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கின்றது. பெற்றோலோ டீசலைப்போல் இலகுவில் தானாகப் பற்றாது. எனவே அதனால் இங்கு பயனில்லை. ஈதர் இதற்கு நேர்மாறு. பிஸ்ரன் உச்சிக்கு வருமுன்பே வெடித்து அதனைக் கீழ்நோக்கி அடிக்கும். பிஸ்ரன் வளையம் உடையலாம், இணைதண்டு வளையலாம். சூடேறியிருக்கும் ஹீற்றர் பிளக்கை ஈதர் ஆவி தொட்டால் காற்றுக் குழாயே வெடிக்கவும் கூடும். அன்று வண்டி ஸ்ரார்ட் ஆகியிருக்கலாம். ஆனால் ஐந்நூறு குறோணருடன் முடிந்திருக்க வேண்டிய பழுது அத்துடன் இயந்திரத்தின் பழுதாகிவிடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது புகையை. ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு, மற்றவர் பின்னே நின்று புகைபோக்கியைக் கவனிக்க வேண்டும். புகையே வரவில்லையாயின் உருளைக்குள் டீசல் செல்லவில்லை. வெண்புகை வருமாயின் டீசல் செல்கின்றது, ஆனால் எரியவில்லை. அதாவது சூடு போதவில்லை. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அதற்குமுன் பற்றறியைப் பற்றி ஒரு சொல். டீசல் இயந்திரம் மெதுவாகச் சுழன்றால் நெருக்கப்பட்ட காற்றின் சூட்டைக் குளிர்ந்த இரும்பு உறிஞ்சிவிடும். நிறைந்த பற்றறி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும். சாவியைத் திருப்பும்போது அது 10 க்குக் கீழே நெடுநேரம் விழுமாயின் பற்றறியை ஐயுற வேண்டும். புதிய பற்றறி வாங்குமுன் இயந்திரத்தையும் சட்டத்தையும் இணைக்கும் நிலக் கம்பியைப் பாருங்கள். இந்நாட்டில் வீதிக்குத் தூவும் உப்பு அதன் முனைகளைத் தின்றுவிடுகின்றது. கம்பித் தூரிகையால் சுரண்டி இறுக்கிவிட்டாலே சில வண்டிகள் எழுந்துவிடுகின்றன.

வெண்புகை கண்டால் ஹீற்றர் பிளக்குகள். முகப்பில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு எரிகின்றதே, எனவே பிளக் நன்றாகவே உள்ளது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்விளக்கு காத்திருக்க வேண்டிய நேரத்தை மட்டுமே காட்டுகின்றது. நான்கு பிளக்கும் செத்த பின்னரும் எரியும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் இயந்திர உடலுக்கும் இடையே மீற்றரால் அளக்க வேண்டும். நல்ல பிளக் ஓரிரு ஓமுக்குள் காட்டும். அறுந்தது ஒன்றுமே காட்டாது. எல்லாம் நன்று எனில் றிலே வரை மின்சாரம் வருகின்றதா என்று பார்க்கவும். மாற்றுவதாயின் இயந்திரம் இளஞ்சூடாயிருக்கையில், துருவிளக்கி எண்ணெய் விட்டு, பொறுமையுடன் திருப்ப வேண்டும். பிளக் உள்ளே முறிந்தால் தலைப்பகுதியையே கழற்ற நேரிடும். சில யப்பானிய வண்டிகளின் பிளக் 12 வோல்ற்றுக்குக் குறைந்த அழுத்தத்துக்கே ஆக்கப்பட்டது. அதன்மேல் பொறித்த எண்ணைப் பார்க்காமல் பற்றறியுடன் நேரே தொடுத்துச் சோதித்தால் நொடியில் எரிந்துவிடும்.

புகை வராத வண்டியின் கதை வேறு. பெரும்பாலும் குற்றவாளி காற்று. பழைய றப்பர் குழாய் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துவாரத்தால் காற்று நுழைய, இரவு முழுவதும் டீசல் தாங்கிக்கு வழிந்தோடிவிடும். காலையில் பம்ப் வெறுங்காற்றையே உறிஞ்சும். வண்டியை ஓரிரவு மூக்குத் தாழ்ந்திருக்கச் சரிவில் நிறுத்திப் பாருங்கள். மறுநாள் இலகுவில் எழும்பினால் ஐயம் பெரிதும் உறுதியாகிவிடும். பில்ரரின் தலையில் உள்ள கைப்பம்பை அமுக்குவது இரண்டாவது சோதனை. பலமுறை மெத்தென்றிருந்து பின்னரே இறுகுமாயின் குழாய்களுள் காற்று உள்ளது. பில்ரருக்கும் டீசல் பம்புக்கும் இடையே ஓரடி ஒளிபுகும் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகளைக் கண்ணாலேயே காணலாம். இன்ஜெக்ரர்களை இணைக்கும் மெல்லிய திரும்புகுழாய்களையும் மறக்கலாகாது. அவை மிக மலிவானவை, ஆனால் எவரும் பார்ப்பதில்லை.

காற்று இல்லையெனில், டீசல் பம்பின் மேலுள்ள நிறுத்தி வால்வு சாவி திருப்பும்போது 'டிக்' என ஒலிக்கின்றதா என்று கேளுங்கள். கடுங்குளிர் நாளாயின் மெழுகையும் ஐயுறலாம். டீசலில் உள்ள பரபீன் குளிரில் உறைந்து பில்ரரை அடைக்கும். நிரப்பு நிலையங்கள் பருவத்துக்கேற்பக் குளிர்கால டீசலையே விற்கின்றன; ஆனால் கோடையில் நிரப்பிவிட்டு மாதக்கணக்கில் ஓடாது நின்ற வண்டியின் தாங்கியில் இருப்பது கோடை டீசல். இன்ஜெக்ரர் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவோர் கண்ணாடி அணிக. சீறும் டீசலுக்கு நேரே விரலைப் பிடிக்க வேண்டாம். அது தோலைத் துளைத்து உள்ளே செல்லும். உடனடிச் சத்திரசிகிச்சை வேண்டிய காயம் அது.

இந்த இயந்திரத்தின் தந்தையும் ஒரு வகையில் எம்மவரே என்பது பலருக்குப் புதிய செய்தியாயிருக்கும். பாரிசில் 1858 இல் பிறந்த ருடோல்ப் டீசல், 1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது, ஜேர்மன் குடும்பம் என்பதால் பெற்றோருடன் இலண்டனுக்கு இடம்பெயர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். அங்கிருந்து உறவினரிடம் ஓக்ஸ்பேர்க்குக்கு அனுப்பப்பட்டான். அதே நகரில் 1897 இல் அவனது இயந்திரம் வெற்றிகரமாக ஓடியது. டென்மார்க்குக்கும் இதில் பங்குண்டு: கொப்பன்ஹேகனின் பேர்மைஸ்ரர் அன்ட் வைன் தளம் கட்டிய 'செலாண்டியா' என்ற டீசல் கப்பல் 1912 இல் பாங்கொக் நோக்கிப் புறப்பட்டது. அவ்வகைப் பெருங்கப்பல்களுள் அதுவே முன்னோடி.

வண்டிக்கு மீள்வோம். பற்றறி, பிளக், டீசல் மூன்றும் சரியாயிருந்தும் வெண்புகையே கக்கினால் நெருக்கம் குறைந்திருக்கலாம். எண்ணெய் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென வந்தால் பிஸ்ரன் வளையம் தேய்ந்துள்ளது. அதற்குமேல் முற்றத்து வேலை இல்லை. பெருந்தொகை செலவிடுமுன் வண்டியின் பதிவுத் திகதியையும் பாருங்கள். 2007 க்கு முன் பதிவான டீசல் சரக்கு வண்டிகள் துகள் வடிகட்டி இன்றி, கொப்பன்ஹேகன், பிரடெரிக்ஸ்பேர்க், ஓர்ஹூஸ், ஓடென்ஸ, ஓல்போ நகரங்களின் சூழல் வலயங்களுள் நுழைவது 2020 யூலையில் தடைசெய்யப்பட்டது; அவ்வரம்பு பின்னர் மேலும் இறுக்கப்பட்டுள்ளது. ஹேர்னிங்கிலும் பிராண்டவிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு அத்தடை இல்லை.

மூடிய கராஜுக்குள் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். அப்புகை உயிரைக் குடிக்கும். மாடிக்குடியிருப்பில் வாழ்வோர் வாகனத் தரிப்பிடத்தில் கழற்றுமுன் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளைக் கேட்டறிக. கழித்த டீசலையும் பழைய பில்ரரையும் நகரசபையின் மறுசுழற்சித் திடலில், அபாயக் கழிவுக்கென உள்ள பகுதியில் ஒப்படைக்கலாம்.