விபத்து இழப்பீடு: சலுகையல்ல, கணக்கு

சாலை விபத்தில் உயிரையோ உழைக்கும் திறனையோ இழந்தவரின் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் வழங்கும் தொகை, அந்நிறுவனம் மனமிரங்கித் தரும் உதவியன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் வகுத்த கணக்கின்படி கிடைக்க வேண்டிய உரிமை. வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் பொறுப்பேற்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை அச்சட்டம் கட்டாயமாக்கியிருப்பதால், தவறிழைத்த ஓட்டுநர் வசதியற்றவராக இருந்தாலும் அவருக்காகக் காப்பீட்டு நிறுவனமே பணம் செலுத்துகிறது.

இழப்பீடு கோருவோருக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 164ஆம் பிரிவின்கீழ், யார்மீது தவறு என்பதை நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெறுவது. இரண்டாவது, 166ஆம் பிரிவின்கீழ், எதிர்த்தரப்பின் கவனக்குறைவை நிரூபித்து, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கோருவது. விபத்து நடந்த ஊரில் மட்டுமின்றி, மனுதாரர் வசிக்கும் ஊரிலும் இம்மனுவைத் தாக்கல் செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு ஆறு மாதக் கெடு விதித்துள்ளது. மேலும், முதல் வழியில் தரப்படும் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாய மனு காலாவதியாகிவிடும்.

முழு இழப்பீட்டின் கணக்கு முறையை 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா வழக்கும் 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி வழக்கும் உறுதிசெய்தன. மாதம் 20,000 ரூபாய் ஈட்டிவந்த 34 வயதுத் தச்சர் ஒருவர், மனைவி, இரு குழந்தைகள், தாய் ஆகிய நால்வரை விட்டு இறந்துவிட்டார் எனக் கொள்வோம். சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க, வருமானம் 28,000 ஆகும். அவருடைய சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கைக் கழிக்க, 21,000 எஞ்சும். இதன் ஆண்டுத் தொகையான 2,52,000ஐ அவர் வயதுக்குரிய பெருக்கு எண்ணான 16ஆல் பெருக்கினால், வருமான இழப்பு மட்டுமே 40,32,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு போன்றவை இதற்கு மேல் சேரும். வருமானத்துக்குச் சான்றில்லாமல் தீர்ப்பாயம் 12,000 ரூபாயே என மதிப்பிட்டால், இதே கணக்கு 24,19,200 ரூபாயாகச் சுருங்கிவிடும். வங்கிக் கணக்குப் புத்தகம், கூலிச் சீட்டு, வாடிக்கையாளரின் ரசீது போன்ற சாதாரணத் தாள்களின் மதிப்பு இதிலிருந்து விளங்கும்.

காயமடைந்தோர் வழக்கில், மருத்துவர் குறிப்பிடும் ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று 2010ஆம் ஆண்டின் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இடது கையை இழந்த எழுத்தர் வேலையில் தொடர முடியலாம், ஆனால் தச்சருக்கோ ஓட்டுநருக்கோ அது ஏறக்குறைய முழுத் தொழிலிழப்பாகும். தொழிலையும் அதில் அந்த உறுப்பின் பயனையும் மனுவில் விரிவாக எழுத வேண்டியது இதனாலேயே.

முதல் தகவல் அறிக்கை, சிகிச்சை ஆவணங்கள், வருமானச் சான்று ஆகியவற்றைத் திரட்டி, வயதையும் வருமானத்தையும் வைத்து மேற்கண்ட கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கும் வரை, நிறுவனம் நீட்டும் எந்தச் சமரசப் பத்திரத்திலும் கையெழுத்திடலாகாது.