பிரஷ்ஷை விடக் காகிதத்தை நம்பும் ரெண்டு ஓவியர்கள்

மார்க் பிராட்ஃபோர்ட் தன்னை ஓவியர்னுதான் சொல்லிக்கிறார். ஆனா அவர் படங்கள்ல பெயின்ட் ரொம்பக் கம்மி. எல்லாமே காகிதம்.

1961இல் லாஸ் ஏஞ்சலஸ்ல பிறந்தவர். அவங்க அம்மா பியூட்டி பார்லர் நடத்தினாங்க, இவரும் அங்கேயே முடி திருத்தும் வேலை பார்த்தார். கலைக் கல்லூரிக்குப் போனதே முப்பது வயசு வாக்குல. 1997இல் முதுகலை முடிச்ச பிறகும் பார்லர் வேலையை உடனே விடலை. விலை உயர்ந்த பெயின்ட் வாங்க வழியில்லாதப்போ, கண் முன்னாடியே ஒரு பொருள் குவிஞ்சு கிடந்தது: எண்ட் பேப்பர். முடியைச் சுருட்டி பெர்ம் பண்ணும்போது நுனி கருகாம இருக்க மடிச்சு வைக்கிற மெல்லிசான காகிதம் அது. அதன் ஓரங்களை நெருப்புல லேசாக் கருக்கி, கேன்வாஸ்ல வரிசை வரிசையா ஒட்டினார். அந்தக் கருகின ஓரம்தான் படத்துல கோடு. தூரத்துல இருந்து பார்த்தா ஏதோ நகரத்தோட வரைபடம் மாதிரி தெரியும், கிட்டே போனாதான் பார்லர் காகிதம்னு புரியும். 2001இல் ஹார்லெம் ஸ்டூடியோ மியூசியத்தில் நடந்த ‘ஃப்ரீஸ்டைல்’ கண்காட்சி மூலமா இந்தப் படங்கள் வெளியே தெரிய ஆரம்பிச்சது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அப்ஸ்ட்ராக்ட் ஓவியம்னாலே வெறும் நிறமும் வடிவமும்தான், ஊர் உலகத்தோட சம்பந்தம் கிடையாதுன்னு ஒரு பேச்சு உண்டு. பிராட்ஃபோர்ட் பார்லருக்கு வந்த கறுப்பினப் பெண்கள் ஒருத்தரோட முகத்தைக்கூட இந்தப் படங்கள்ல வரையலை. ஆனா அவங்க உட்கார்ந்து பேசின இடம், அங்கே நடந்த வேலை, எல்லாம் அந்தக் காகிதத்தோடவே படத்துக்குள்ள வந்துடுச்சு.

அடுத்து அவர் தெருவுக்கு இறங்கினார். 1992 கலவரத்துல எரிஞ்ச கடைகள் இருந்த காலி மனைகளைச் சுத்தி வேலி போட்டாங்க. அந்த வேலிகள் பூரா சின்னச் சின்ன விளம்பர போஸ்டர்கள். வீட்டை உடனே காசாக்கணுமா, குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு கேஸ் போடணுமா, டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கணுமா? ஒரு ஏரியாவுல ஜனங்களுக்கு என்ன கஷ்டம்னு அந்த போஸ்டர்களைப் படிச்சாலே தெரிஞ்சுடும். அதையெல்லாம் கொண்டுவந்து அடுக்கடுக்கா ஒட்டி, நடுவுல கயிறு வச்சு, மேல மறுபடி ஒட்டி, கடைசியா மரவேலைக்காரங்க வச்சிருக்கிற சாண்டர் மெஷினால தேய்ப்பார். பழைய சுவர்ல மேல் போஸ்டர் கிழிஞ்சா அடியில இருக்கிறது எட்டிப் பார்க்குமே, அப்படி ஒவ்வொரு அடுக்கும் வெளியே வரும். 2017 வெனிஸ் பியனாலேயில் அமெரிக்காவோட அரங்கம் முழுக்க இவருடையது. அடுத்த வருஷம் லண்டன் ஏலத்துல இவரோட ஒரு படம் கிட்டத்தட்ட 1.2 கோடி டாலருக்குப் போச்சு.

இன்னொருத்தர், ஞிடெகா அகுன்யிலி கிராஸ்பி. 1983இல் நைஜீரியாவின் எனுகுவில் பிறந்து, 1999இல் அமெரிக்கா வந்தவர். இவர் வரையறது வீட்டுக்குள்ள நடக்கிற சாதாரணக் காட்சிகள்: சோபாவுல கணவன் மனைவி, சாப்பாட்டு மேசை. ஆனா உத்துப் பார்த்தா சுவர், தரை, துணி எல்லாத்துலயும் நூத்துக்கணக்குல குட்டிப் புகைப்படங்கள். குடும்ப ஆல்பம், நைஜீரியப் பத்திரிகை, பாட்டு ஆல்ப அட்டைனு சேர்த்து, ஜெராக்ஸ் எடுத்து, அசிட்டோன் தடவித் தாள்மேல அழுத்தித் தேய்க்கிறார். மை இடம் மாறும்போது படம் இடவலமாத் திரும்பி, கொஞ்சம் வெளிறித்தான் வரும். ஊரை விட்டு வந்தவங்களுக்கு ஊர் ஞாபகம் வர்றதும் ஏறக்குறைய அப்படித்தானே!

சில படங்கள்ல அவங்க அம்மா முகம் அச்சடிச்ச துணி வரும். அம்மா டோரா அகுன்யிலி, 2001 முதல் நைஜீரியாவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவர். சர்க்கரை நோயாளியான அவங்க தங்கை 1988இல் போலி இன்சுலினால இறந்துபோனதால, போலி மருந்து வியாபாரிகளோட நேருக்கு நேர் மோதினாங்க. 2003இல் அவங்களைச் சுட்டாங்க. குண்டு தலைத்துணியைத் துளைச்சுட்டுப் போச்சு, உயிர் தப்பினாங்க. 2014இல் நோயில் இறந்தாங்க. முக்கியமானவங்க முகத்தைத் துணியில அச்சடிச்சு உடுத்துறது நைஜீரியாவுல வழக்கம். தேர்தல்னாலும் உண்டு, சாவுன்னாலும் உண்டு.

ரெண்டு பேர் படங்களையும் போன்ல பார்க்கிறவங்க, தயவுசெய்து ஜூம் பண்ணிப் பாருங்க. முழுசாப் பார்க்கும்போது பாதி விஷயம் கண்ணுக்குத் தட்டுப்படாது.